நிலைத்து நிற்கும் எலுமிச்சை மணம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மாதர் பகுதியின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிலம்பையும் குறளையும் கேட்டுப் பழகிய இவ்வவையின் முன் சோப்பைப் பற்றிப் பேச வந்து நிற்கிறேன். சென்ற வாரம் அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "நீங்கள் இலக்கியம் பேசுவீர்கள் என்றன்றோ எண்ணியிருந்தேன்" என்று வருந்தினார். அவர்க்கு நான் சொன்ன விடை இதுதான்: சிலப்பதிகாரத்தில் கடலாடு காதையை எடுத்துப் பாருங்கள். ஊடல் தீர்க்கக் கருதிய மாதவி நீராடுவதை இளங்கோவடிகள் எவ்வளவு பொறுமையாக விரித்துரைக்கிறார்! பத்து வகைத் துவர்களும், ஐந்து வகை விரைகளும், முப்பத்திரண்டு வகை மணப்பொருள்களும் ஊறிய நீர் அது. ஒரு குளியலுக்கு நாற்பத்தேழு சரக்குகள்! காப்பியம் பாடிய துறவியார்க்கு இழுக்காகத் தோன்றாத பொருள், ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை ஒருத்திக்கு மட்டும் எவ்வாறு இழுக்காகும்?

ஆயினும் இலக்கியத்திலிருந்து நான் இப்பொருளுக்கு வரவில்லை. எங்கள் தெருவில் மூன்றாம் வீட்டில் வாழும் சகோதரி ஒருவரால் வந்தேன். கணவரை இழந்தவர், மகள் கல்லூரியில் படிக்கிறாள். வீட்டிலேயே சோப்புச் செய்யக் கற்றுக்கொண்டு, ஈராண்டுகளுக்கு முன் நம் ஆண்டு விழாவின் கைவினைக் கடையில் எலுமிச்சை மணம் வீசும் சோப்புக் கட்டிகள் நாற்பதை வைத்தார். ஒரு மணி நேரத்தில் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. உங்களுள் பலரும் வாங்கியிருப்பீர்கள். ஒரு மாதம் கழிந்தது. ஒருநாள் மாலை அவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, "அக்கா, பதினேழு கட்டி திரும்பி வந்துவிட்டது. மணமே இல்லை என்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் ஏமாற்றியதாக எண்ணுகிறார்களே, அதுதான் தாங்கவில்லை" என்றார். கண் கலங்கவில்லை, குரல்தான் கலங்கியது. ஒரு கட்டியை எடுத்து முகர்ந்தேன். தேங்காய் எண்ணெயின் பழைய வாடை தவிர வேறொன்றும் இல்லை. அவர் குறைத்து ஊற்றவும் இல்லை. கிலோவுக்கு 30 கிராம் ஆரஞ்சுத் தைலம், கடையில் சொன்ன விலைக்கே வாங்கி, முழுமையாகச் சேர்த்திருக்கிறார். அப்படியானால் அந்த மணம் எங்கே போயிற்று?

முப்பது ஆண்டுகள் வகுப்பில் நின்று, கொழுப்பும் காரமும் கூடினால் சோப்பும் கிளிசரினும் உண்டாகும் என்று கரும்பலகையில் எழுதியவள் நான். ஒருநாளேனும் ஒரு கட்டி சோப்புச் செய்து பார்த்தவள் அல்லேன். அந்த வெட்கத்தோடுதான் அவர்க்குத் துணையாகச் சேர்ந்தேன். ஓராண்டுக் காலம் எங்கள் இருவருடைய சமையலறைகளும் பட்ட பாட்டைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

முதலில், பழத்தோலுக்குள் இருப்பது யாது என்று பார்ப்போம். சிறு வயதில் நாம் எல்லாரும் ஆரஞ்சுத் தோலை விளக்குச் சுடரருகே மடித்துப் பிழிந்து, பொறி பறப்பதைக் கண்டு கை கொட்டியிருக்கிறோம். அவ்வாறு தெறிப்பதுதான் தைலம். அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் லிமொனீன் எனும் ஒரே பொருள். எலுமிச்சையிலும் அதுவே மிகுதி. ஆனால் சற்றுக் குறைவு. இந்த லிமொனீன் மிக இலேசான பொருள். பத்துக் கார்பன் அணுக்களும் பதினாறு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்டது. 176 பாகையில் கொதிக்கும். அதற்கு நெடுமுன்பே, நம் அறையின் வெப்பத்திலேயே, ஓயாமல் ஆவியாகிக்கொண்டிருக்கும். தோலை உரித்தவுடன் வீடு முழுவதும் மணப்பதற்கும், கால் மணிக்குள் அது மறைவதற்கும் காரணம் ஒன்றே. எது விரைந்து வந்து நம்மை மகிழ்விக்கிறதோ அது விரைந்தே நீங்குகிறது.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு. காற்றுப் பட்டுப்பட்டு அது பழுதாகிறது. அவ்வாறு பழுதான தைலம் மணம் குன்றுவதோடு, சிலருடைய தோலில் அரிப்பையும் உண்டாக்கும். எனவே, பாதி காலியான பழைய குப்பி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றியும் வைக்காதீர்கள். ஒரு முறை நான் அளந்து ஊற்றி வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் கிண்ணத்தின் அடி இளகி மேசையோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடியோ எவர்சில்வரோதான் ஏற்றது.

இனி, சோப்புக்குள் இத்தைலம் படும் பாடு. காஸ்டிக் சோடாவும் எண்ணெயும் கலந்து வினை நிகழும்போது வெப்பம் பிறக்கிறது. அச்சில் ஊற்றிப் போர்வை போர்த்தி வைத்தால் உள்ளே 70 பாகைக்கு மேலும் ஏறும். போர்த்தி வைத்தால் சோப்பு நன்றாக இறுகும் என்று எவரோ சொல்லக் கேட்டு, நம் சகோதரி கம்பளியையே சுற்றி வைத்திருந்தார்! ஆரஞ்சு மணத்திற்கு அதைவிடப் பெரும் பகை வேறில்லை. பின்னர் நான்கு முதல் ஆறு வாரம் கட்டிகளைக் காற்றாட அடுக்கி உலர்த்துகிறோம். நீர் மட்டுமா உலர்கிறது? நீரோடு லிமொனீனும் போகிறது. விழாவன்று கடையில் மணத்தது எப்படி என்று கேட்பீர்கள். அவர் அச்சிலிருந்து எடுத்துப் பத்தே நாளில் கொண்டு வந்திருந்தார். வாங்கியவர்கள் வீட்டில் ஒரு மாதம் பீரோவில் வைத்த பிறகே குறை தெரிந்தது. ஏமாற்றியது அவரல்லர், அந்தப் பத்துக் கார்பன் அணுக்கள்.

இதற்கு மாற்று யாது? விடை திருப்பதித் தெருவிலேயே கிடைத்தது என்றால் வியப்பீர்கள். பூக்காரர்கள் கட்டும் கதம்பத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மல்லிகையும் கனகாம்பரமும் மட்டும் வைத்துக் கட்ட மாட்டார்கள். இடையிடையே மருவும், மரிக்கொழுந்தும், சில சமயம் வெட்டிவேரும் வைப்பார்கள். மாலைக்குள் மல்லிகை வாடிப் பழுத்துவிடும். மறுநாட் காலையிலும் கூந்தலில் எஞ்சி நிற்பது மரிக்கொழுந்தின் மணமே. விரைந்து போகும் மணத்தோடு தங்கி நிற்கும் மணத்தைச் சேர்த்துக் கட்டும் வித்தை அது. திருமலையில் வெள்ளிக்கிழமைத் திருமஞ்சனத்திற்குப் பின் மூலவர்க்குப் புனுகு சாத்தும் மரபை நாம் அனைவரும் அறிவோம். அந்தப் புனுகுதான் பிரெஞ்சு தேசத்து வாசனை வல்லுநர்களும் நெடுங்காலம் பிற மணங்களைப் பிடித்து நிறுத்தப் பயன்படுத்திய பொருள். (நம் சோப்புக்குப் புனுகைத் தேடி எவரும் புறப்பட வேண்டா, அது வனவிலங்குச் சட்டத்திற்கு உட்பட்டது.)

பவுச்சர் எனும் ஆங்கில வாசனை நூலார் 1950களின் நடுவில் மணப்பொருள்களை முகர்ந்து முகர்ந்து, அவை தாளில் எவ்வளவு நேரம் தங்குகின்றன என்று பார்த்து, 1 முதல் 100 வரை எண்ணிட்டு வரிசைப்படுத்தினார். 14 வரை உள்ளவை முதல் மணம். 60 வரை உள்ளவை நடு மணம். அதற்கு மேற்பட்டவை அடி மணம். பழத்தோல் தைலங்கள் தொடக்கத்திலேயே நிற்கின்றன. சந்தனம், வெட்டிவேர், பச்சூளி ஆகியவற்றுக்கு அவர் இட்ட எண் 100. இம்மூன்றும் நம் நாட்டுப் பொருள்கள் என்பது ஒருபுறமிருக்க, வெட்டிவேர் என்ற தமிழ்ப் பெயரைத்தான் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அப்படியே எடுத்து வழங்குகின்றனர். பச்சூளி என்பதும் தமிழ்ச் சொல்லிலிருந்து போனதே என்பர். ஆரஞ்சு என்ற சொல்லே நம் நாரத்தையோடு உறவுடைய திராவிடச் சொல்லொன்றிலிருந்து வடமொழி, பாரசீகம், அரபு எனக் கடந்து ஐரோப்பா சென்றது என்று அறிஞர் கருதுவர். நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கில் நிம்மகாய் என்றும் பத்தாயி என்றும் சொல்லிப் பழகுகிறார்கள். அதில் தவறில்லை. நாரத்தையின் நெடும் பயணத்தையும் வீட்டில் ஒரு முறை அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

எங்கள் சோதனைக்கு வருகிறேன்.

நான் சொன்ன முதல் யோசனையே பெருந்தவறாக முடிந்தது. "எலுமிச்சை மணம் வேண்டுமென்றால் எலுமிச்சையையே சேர்க்கலாமே" என்று, நீருக்குப் பதிலாகப் பாதியளவு எலுமிச்சைச் சாற்றை ஊற்றச் சொன்னேன். கூடூர்ப் பக்கத்து எலுமிச்சை மலிவாக வந்த காலம் அது. சாற்றில் மணம் இல்லை, மணம் தோலில் உள்ளது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆர்வம் அறிவை மறைத்துவிட்டது. 100 மில்லி சாற்றில் ஏறத்தாழ 6 கிராம் சிட்ரிக் அமிலம் உண்டு. 10 கிராம் சிட்ரிக் அமிலம் 6 கிராமுக்குச் சற்று மேற்பட்ட காஸ்டிக் சோடாவை விழுங்கிவிடும். காரம் அவ்வாறு குறைந்துபோகவே, எங்கள் சோப்பு இறுகாமல், கையில் எண்ணெய் பிசுபிசுக்கும் களியாக நின்றது. மூன்று கிலோ எண்ணெய் வீண். அச்செலவை நான்தான் ஏற்றேன். ஏற்க வேண்டியவளும் நானே.

ஆனால் அத்தோல்வியிலிருந்து ஒரு நன்மை விளைந்தது. அமிலமும் காரமும் கூடிப் பிறக்கும் சோடியம் சிட்ரேட், நீரிலுள்ள சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும் தன்மையுடையது. நம் பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் எவ்வளவு கடினமானது என்பதை உங்கள் வாளிகளின் விளிம்பே சொல்லும். அந்நீரில் சோப்பு நுரைக்காமல், சாம்பல் நிறப் பிசுக்காகப் படிகிறது. கணக்கறிந்து சிறிதளவு சிட்ரிக் அமிலத்தைச் சேர்த்து, அதற்கு ஈடான காரத்தையும் கூட்டிக்கொண்டால் அந்தப் பிசுக்கு குறைகிறது. மணத்துக்காகப் போனோம், நுரை கிடைத்தது!

அடுத்து, உலர்ந்த ஆரஞ்சுத் தோலைப் பொடித்துப் போட்டோம். மணம் ஒன்றும் சேரவில்லை. பொடி பழுப்பேறி, உடம்பில் மணல் போல உராய்ந்தது. சத்துக்குடிச் சாறு விற்கும் கடைகளில் மலையெனக் குவிந்த தோலைக் கண்டு, நாமே வடித்தெடுக்கலாம் என்றும் முயன்றோம். ஒரு கூடைத் தோலிலிருந்து ஒரு தேக்கரண்டித் தைலம்கூடத் தேறவில்லை. அது ஆலைகளுக்கு உரிய வேலை என்று விட்டுவிட்டோம். நம் பகுதியில் இன்னொரு மயக்கமும் உண்டு. சேஷாசல மலையில் விளையும் செம்மரத்தைச் செஞ்சந்தனம் என்று சொல்வதால், அதன் பொடியைப் போட்டால் சந்தன மணம் தங்கும் என்று பலர் எண்ணுகின்றனர். செம்மரம் நிறம் தரும், மணம் தராது. அது சந்தன மரத்தின் இனமே அன்று.

மூன்றாவதாக எலுமிச்சம் புல். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கிழக்கிந்திய எலுமிச்சம் புல் தைலம் ஒரு காலத்தில் கொச்சித் துறைமுகத்தின் பெயராலேயே உலகெங்கும் விற்கப்பட்டது. கேரளத்தின் ஓடக்காலியில் 1951 முதல் இதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது, ஓ.டி. 19 எனும் புகழ் பெற்ற வகை அங்கே உருவானது. இப்புல் தைலத்தில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு சிட்ரால் உள்ளது. எலுமிச்சைக்கு எலுமிச்சையின் தனி மணத்தைத் தருவது, அதில் மிகச் சிறிதளவே உள்ள அந்தச் சிட்ரால்தான். அது 229 பாகையில் கொதிப்பது. லிமொனீனைக் காட்டிலும் கனமானது. ஆகவே பழம் தர முடியாத நிலைத்த எலுமிச்சை மணத்தைப் புல் தருகிறது. காரத்தில் அதுவும் ஓரளவு மாறுபடும். நாளாக ஆகக் கட்டி மஞ்சளிக்கும். ஆனால் மணம் போகாது.

மிகுந்த நம்பிக்கையோடு 30 கிராமும் எலுமிச்சம் புல் தைலமாகவே ஊற்றிச் செய்தோம். ஆறு வாரம் கழித்தும் மணம் குன்றவில்லை. வெற்றி என்று கருதி, எதிர் வீட்டுப் பாட்டியிடம் ஒரு கட்டியைக் கொடுத்தோம். பாட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆஸ்பத்திரி தாழ்வாரம் கழுவின மாதிரி இருக்கு" என்றார். எங்கள் வெற்றி அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது. அதுமட்டுமன்று, சிட்ரால் மிகுந்தால் சிலருடைய தோலுக்கு ஒவ்வாது. மொத்தச் சோப்பின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்குள் புல் தைலத்தை நிறுத்திக்கொள்வதே நன்று.

அதன் பிறகுதான் கலவையைப் பற்றி எண்ணத் தொடங்கினோம். இங்கே மைசூரின் கதையைச் சிறிது நினைவூட்ட விரும்புகிறேன். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது, ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்த மைசூர்ச் சந்தனக் கட்டைகள் தேங்கிக் கிடந்தன. நாமே தைலம் வடிப்போம் என்று மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் துணிந்தனர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் சட்பரோ, வாட்சன் ஆகியோரின் துணையோடு 1916-இல் தைலம் வடிந்தது. 1918-இல் மைசூர் சந்தன சோப்பு பிறந்தது, அதற்காக எஸ்.ஜி. சாஸ்திரி இங்கிலாந்து சென்று பயின்று வந்தார். அச்சோப்பில் சந்தனத்தோடு பச்சூளி, வெட்டிவேர், ஆரஞ்சு, ஜெரேனியம், பாமரோசா ஆகிய தைலங்களும் சேர்வதாகச் சொல்வர். இவ்வரிசையைக் கூர்ந்து பாருங்கள்: ஆரஞ்சு முதல் மணம், ஜெரேனியமும் பாமரோசாவும் நடு மணம், மற்றவை அடி மணம். நூறாண்டுகளுக்கு மேலாக நம் அண்டை வீட்டிலேயே இருந்த பாடத்தை நாங்கள் மூன்று தோல்விகளுக்குப் பிறகே படித்தோம்.

எலுமிச்சைச் சோப்பு என்றவுடன் உங்களுள் பலர்க்கு 1975-இல் வந்த லிரில் நினைவுக்கு வரும். கொடைக்கானல் பாம்பாறு அருவியில் எடுத்த அவ்விளம்பரத்தால், இன்றும் அவ்வருவியை லிரில் அருவி என்பாருண்டு. பெருந்தொழிற்சாலைச் சோப்புகளில் வீசும் எலுமிச்சை மணம் பெரும்பாலும் வேதியியலார் இணைத்த கலவை. காரத்துக்கு அசையாத சிட்ரோனெல்லைல் நைட்ரைல் போன்ற பொருள்களும் அத்தகைய கலவைகளில் இடம் பெறும். அவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்த அளவுகோலால் நம் வீட்டுச் சோப்பை அளந்தால் மனம் சோர்ந்துபோகும்.

எங்களுக்குப் பொருந்திய கலவையைச் சொல்கிறேன். எழுதிக்கொள்ள விரும்புவோர் எழுதிக்கொள்ளலாம். ஒரு கிலோ எண்ணெய்க்கு மொத்தம் 30 கிராம் தைலம். அதில் ஆரஞ்சு 12 கிராம், எலுமிச்சம் புல் 9, பாமரோசா 4, பச்சூளி 3, வெட்டிவேர் 2. ஆரஞ்சுத் தைலத்தில் ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்று விற்பார்கள். லிமொனீனின் ஒரு பகுதியை வெற்றிடத்தில் வடித்து நீக்கிச் செறிவாக்கிய தைலம் அது. விலை கூடுதல், ஆனால் தங்கும். இயலுமாயின் ஐந்து மடங்குத் தைலத்தையே வாங்குங்கள். வெட்டிவேர்த் தைலம் மிகவும் விலையுயர்ந்தது. கடலூர்ப் பக்கத்திலேயே வேர் விளைந்தாலும் தைலம் அரிதாகவே வடிகிறது. கைக்கு எட்டாதெனில் பச்சூளியை 4 ஆக்கிப் புல் தைலத்தை 10 ஆக்குங்கள். பச்சூளியை மட்டும் 4-க்கு மேல் ஏற்றாதீர்கள். பழைய பெட்டியைத் திறந்தாற்போல் மணக்கும்.

கலந்தவுடன் ஊற்றிவிடாமல், நிறமூட்டிய கண்ணாடிக் குப்பியில் நிரப்பி, இறுக மூடி, இருட்டில் இரு வாரம் வையுங்கள். ஊறுகாய்க்குச் சொல்வது இதற்கும் பொருந்தும். வாங்குவதற்கு முன்பே தாள் துண்டுகளில் ஒவ்வொரு சொட்டு விட்டு, பத்து நிமிடத்திலும், ஒரு மணி நேரத்திலும், ஆறு மணி நேரத்திலும், மறுநாளும் முகர்ந்து குறித்து வையுங்கள். நாங்கள் ஒரு கடையில் வாங்கிய தைலம் மறுநாள் தாளில் எண்ணெய்க் கறையாக அகன்று நின்றது. சமையல் எண்ணெய் கலந்த சரக்கு என்று அப்போதே அறிந்தோம்.

சோப்பின் அளவு இது: தேங்காய் எண்ணெய் 400 கிராம், பாமாயில் 300, நம் மாவட்டத்துக் கடலை எண்ணெய் 200, ஆமணக்கெண்ணெய் 100. இவற்றுக்கு வேண்டிய காஸ்டிக் சோடா, நூற்றுக்கு ஐந்து பங்கு எண்ணெய் மிஞ்சி நிற்குமாறு கணக்கிட்டால், 148 கிராம். கடின நீருக்காக 10 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்ப்போர் காரத்தை 154 கிராமாக உயர்த்த வேண்டும். தண்ணீர் 300 கிராம். எதையும் கரண்டியாலோ கிண்ணத்தாலோ அளக்காதீர்கள். மின் தராசில் நிறுத்தே எடுங்கள். எண்ணெயை மாற்றினால் காரத்தின் கணக்கும் மாறும். என் அளவை வைத்துக்கொண்டு நல்லெண்ணெயில் செய்துவிட்டு என்னை நோவாதீர்கள்.

இனிச் சொல்வதைக் கருத்தூன்றிக் கேளுங்கள். காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் தின்னும் பொருள். சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாக இட வேண்டுமேயன்றி, சோடாவின் மேல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் அறவே ஆகாது. காரம் அதை அரித்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை எழுப்பும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்து, குழந்தைகள் பள்ளி சென்ற நேரத்தில் செய்யுங்கள். ஒரு பிற்பகலில் நாங்கள் கரைத்து ஆற வைத்திருந்த நீரை, விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் குடிநீர் என்று எண்ணிக் கை நீட்டினான். தெளிந்த நீர் போலத்தானே இருக்கும்! நம் சகோதரி பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அன்று முதல் அப்பாத்திரம் சிவப்புத் துணி கட்டியே எங்கள் வீட்டில் இருக்கிறது. கரைத்தவர் அதைவிட்டு நகர்வதும் இல்லை. எவர் மேலேனும் பட்டுவிட்டால் எலுமிச்சையோ புளியோ தேடி ஓடாதீர்கள். குழாய் நீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவி, மருத்துவரிடம் செல்லுங்கள்.

எண்ணெயும் கார நீரும் கை பொறுக்கும் சூட்டுக்குக் கீழே, ஏறத்தாழ 35 பாகைக்கு, ஆறிய பிறகே கலக்க வேண்டும். கடையக் கடையக் கலவை தோசை மாவுப் பதத்துக்கு வரும். கரண்டியால் விட்ட கோடு மேற்பரப்பில் ஒரு கணம் நின்று மறையும். தைலத்தை அப்போது சேர்த்து, சில நொடிகளே கலக்கி, அச்சில் ஊற்றுங்கள். போர்வை வேண்டா; கம்பளி வேண்டவே வேண்டா. சித்தூரின் சித்திரை வெயிலில் செய்வோர், அச்சின் அடியில் ஈரத்துணி விரித்து மின்விசிறியின் கீழ் வைப்பது நலம். நாங்கள் மார்கழியில் செய்த கட்டிகளும் வைகாசியில் செய்தவையும் ஒரே கலவைதான்; ஆயினும் மார்கழிக் கட்டிகளே இன்றும் மிகுதியாக மணக்கின்றன. மறுநாள் வெட்டி, வெயில் படாத அலமாரியில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். நான்கு வாரம் ஆனதும் தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் மூடிவிடுங்கள். அதற்கு மேல் திறந்து வைப்பது மணத்தைத் தெருவுக்குத் தானம் செய்வதாகும்.

இவ்வாறு செய்த சோப்பு கடையில் வாங்கியது போல் குளியலறையை நிறைக்குமா என்றால், நிறைக்காது. உரித்த ஆரஞ்சின் கூர்மை மூன்றாம் மாதத்தில் தணிந்துவிடும். எஞ்சி நிற்பது எலுமிச்சம் புல்லும், அதன் அடியில் வெட்டிவேரின் மண் வாசனையும் கலந்த ஒரு மென்மணம். என் மூக்குக்கு அது முன்னதை விட இனிது; பாட்டியும் இம்முறை ஆஸ்பத்திரியைச் சொல்லவில்லை. ஆறு மாதம் கடந்த கட்டியிலும், கையில் நீர் விட்டுத் தேய்த்தால் அம்மணம் எழுகிறது.

விற்பனைக்குச் செய்ய எண்ணுவோர்க்கு ஒரு சொல். குளியல் சோப்பு சட்டப்படி அழகுப் பொருள். 2020-ஆம் ஆண்டின் விதிகளின்படி விற்பனைக்குத் தயாரிப்பவர் உரிமம் பெற வேண்டும். நம் சகோதரி அதற்கான தாள்களைத் திரட்டிக்கொண்டிருக்கிறார். அதுவரை விற்பதில்லை என்று உறுதி கொண்டிருக்கிறார்; மகளின் கட்டணத்துக்கு இப்போது தையலே துணை. நம்முள் அலுவலக நடைமுறை அறிந்த பெரியவர்கள் அவர்க்கு அத்தாள்களை நிரப்ப உதவினால், நான் பேசிய பேச்சைவிட அது பெரிதாகும்.

ஆகவே இன்று வாயிலருகே உள்ள மேசையில் விலைச் சீட்டு எதுவும் இராது. இடப்புறத் தட்டில் இருப்பவை சென்ற மாதம் செய்தவை. நடுத் தட்டில் மூன்று மாதம் ஆனவை. வலப்புறத்தில் ஆறு மாதம் ஆனவை. ஒவ்வொன்றிலும் செய்த தேதி ஒட்டியிருக்கிறது. அன்று கட்டியைத் திருப்பித் தந்த பதினேழு குடும்பத்தார்க்கும் தலைக்கு ஒரு கட்டி தனியே பொட்டலம் கட்டி, பெயர் எழுதி வைத்திருக்கிறார், மறவாமல் பெற்றுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் மூன்று தட்டுகளையும் முகர்ந்து பார்த்து, பக்கத்திலுள்ள குறிப்பேட்டில் உங்கள் கருத்தை எழுதுங்கள். முகத்துக்காக எழுத வேண்டா. பென்சில் நூலில் கட்டித் தொங்குகிறது.